நூதனசாலைக் களஞ்சியமும் நமது வரலாற்றுத் தேடலும்

கொழும்பு நூதனசாலைக் கட்டிடத்தைப் பற்றி நமது சமூகத்தில் ஒரு கதை வழங்கி வருகிறது. ஆளுநர் சேர் வில்லியம் கிரகறியின் காலத்தில், ஸ்மிதர் என்ற அரசாங்கக் கட்டிடக் கலைஞரின் வரைபடத்திற்கேற்ப அக்கட்டிடத்தைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார். 1877 ஜனவரி 1ஆந் திகதி நூதனசாலை திறக்கப்பட்டது. திறப்பு விழாவில், "உமக்கு என்ன சன்மானம் வேண்டும்?" என ஆளுநர் கேட்டாராம். பொன்னையோ காணியையோ கேட்காமல், "வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வையுங்கள்" என்று மரைக்கார் கேட்டுக் கொண்டாராம். அவ்வாறே நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் அது மூடப்பட்டிருந்தது என்பார்கள். கண்டி மன்னனின் சிம்மாசனத்தைக் காட்சிக்கு வைத்தபோது வெள்ளியிலும் திறப்பதற்கு, வாப்பிச்சி மரைக்காரின் பேரனான சேர் ராசிக் பரீதிடம் அன்றைய பிரதமர் இணக்கம் பெற்றார் என்று கதை மேலும் நீள்கிறது.

இந்தக் கதையை நாம் பெருமையோடு சொல்கிறோம். மேடைகளில் சொல்கிறோம்; மலர்களில் எழுதுகிறோம். ஆனால், நமது மூதாதை ஒருவர் கட்டிய அந்தக் கட்டிடத்தின் களஞ்சியத்துள் நம்மைப் பற்றிய என்னென்ன பொருட்கள் இருக்கின்றன என்று கேட்டு உள்ளே போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? சுவரைக் கட்டியவரின் பெயரைச் சொல்லிக் கொண்டு சுவருக்கு வெளியிலேயே நின்று விட்டோமா என்ற கேள்வி சில காலமாக என்னைத் தொந்தரவு செய்து வருகிறது. அதன் விளைவே இக்கட்டுரை.

நூதனசாலை என்றதும் நாம் நினைப்பது கண்ணாடிப் பெட்டிகளை. உண்மையில் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது மிகச் சிறு பங்கேயாகும். லண்டனில் உள்ள பிரித்தானிய நூதனசாலையில் சுமார் 80 இலட்சம் பொருட்கள் உண்டு. ஒரே நேரத்தில் காட்சிக்கு வைக்கப்படுபவை சுமார் 80,000 மட்டும். அதாவது நூற்றுக்கு ஒன்று. மற்றவையெல்லாம் இறாக்கைகளிலும் இழுப்பறைகளிலும் கிடக்கின்றன. காட்சிக்கு எதை எடுப்பது என்பதை ஒவ்வொரு காலத்திலும் யாரோ தீர்மானிக்கிறார்கள். அரசனின் வாளும் தெய்வச் சிலையும் எளிதாக மேலே வந்துவிடும். வியாபாரியின் தராசும், மீனவனின் வலைக்குண்டும், மணப்பெண்ணின் வெற்றிலைத் தட்டமும் கீழே தங்கிவிடும். இலங்கைச் சோனகரின் வாழ்வு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைப் பொருட்களால் ஆனது. ஆகவே, நமது வரலாற்றைத் தேடுபவனுக்குக் காட்சிக் கூடத்தை விடக் களஞ்சியமே முக்கியமானது எனலாம்.

அறபு எழுத்துப் பொறித்த இரண்டு கற்களின் கதையை இவ்விடத்தில் நினைவுகூர்வது பயனுள்ளது.

முதலாவது கல் கொழும்பு மையவாடியில் இருந்த ஒரு மீசான் கல். கூபி எழுத்தில் அமைந்தது. காலித் இப்னு அபூ பகாயா என்ற பெரியாருடையது என்றும், ஹிஜ்ரி 337ஆம் ஆண்டுக்குரியது என்றும் வாசிக்கப்பட்டது. ஒல்லாந்தர் காலத்தின் பிற்பகுதியில் உள்ளூர் அதிகாரி ஒருவர் அதைப் பெயர்த்தெடுத்துத் தன் வீட்டு வாசலுக்குப் படியாகப் போட்டார் என்று சொல்லப்படுகிறது. பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் அதன் முக்கியத்துவத்தை உணர்ந்து எழுத்துகளின் நகலை இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்தார். கேம்பிரிட்ஜில் அறபுப் பேராசிரியராக இருந்த சாமுவேல் லீ அதனை மொழிபெயர்த்தார். 1827இல் றோயல் ஆசியச் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சாயிற்று. அன்றிலிருந்து இன்றுவரை நாம் எழுதும் வரலாறுகளில் பெரும்பாலானவை அந்த அச்சுப் பக்கத்தையே திரும்பத் திரும்ப எடுத்தாள்கின்றன. லீ கேம்பிரிட்ஜில் இருந்தார். கல் கொழும்பில் இருந்தது. அவர் வாசித்தது நகலை. நாம் வாசிப்பது அவர் வாசித்ததை.

இரண்டாவது கல் காலியில் கிடைத்தது. 1911இல் டொமலின் என்ற பொறியியலாளர் கண்டெடுத்தபோது அது ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. 1409 பெப்ரவரியைக் குறிக்கும் திகதி கொண்டது. சீனப் பேரரசரின் சார்பில் கடற்தளபதி செங் ஹோ கொண்டு வந்தது. செங் ஹோவே ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கைகளைச் சொல்கின்றன. மூன்று பகுதிகளிலும் காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. அந்தக் கல் இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளது. யாரும் போய்ப் பார்க்கலாம். மூன்றில் மிகவும் தேய்ந்து போனது பாரசீகப் பகுதி என்பதையும் அங்கு போய் நின்றால் காணலாம்.

ஒரு கல் வாசற்படியாயிற்று. ஒரு கல் மதகு மூடியாயிற்று. இரண்டின் மீதும் கால்கள் நடந்தன. ஆனால், பின்னதற்கு ஓர் இலக்கமும் இடமும் பாதுகாப்பும் கிடைத்தன. அதனால், ஒருவர் பிழையாக வாசித்தாலும் இன்னொருவர் போய்த் திருத்தி வாசிக்க வழியுண்டு. பொருள் கண்முன் இருக்கும்போது வாசிப்பு வளர்கிறது. பொருள் இல்லாதபோது மேற்கோள் மட்டுமே வளர்கிறது. நமது வரலாற்று எழுத்தின் நோயை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்த நோய்க்கு ஒரு காரணமும் உண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிய தமது கட்டுரையை றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் வாசித்தார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். அந்த விவாதம் நமக்கு ஒரு வழக்கறிஞர் மனதைத் தந்துவிட்டது. கல்லையும் நாணயத்தையும் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்கிறோம்: "நாங்கள் எப்போது வந்தோம்? யாருடைய வழியில் வந்தோம்? சொல்!" வேறு எதையும் கேட்பதில்லை. அன்றைய அரசியலில் அப்படிக் கேட்க நேர்ந்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால், இன்று களஞ்சியத்துக்குப் போகிறவன் அந்த ஒரே கேள்வியோடு போனால் வெறுங்கையோடுதான் திரும்பி வருவான்.

எனது சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நூதனசாலைக்குக் கடிதம் எழுதினேன். "தங்கள் களஞ்சியத்தில் உள்ள முஸ்லிம்கள் சம்பந்தமான பொருட்கள் அனைத்தையும் பார்வையிட விரும்புகிறேன், அனுமதி தந்துதவவும்" என்பது அதன் சாரம். பதில் வரவில்லை. மீண்டும் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. நம்மவர் என்பதால் ஒதுக்குகிறார்கள் என்று நண்பர்களிடம் குறைப்பட்டேன். பிறகொரு நாள், வேறொரு நூதனசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உத்தியோகத்தர் ஒருவரிடம் அந்தக் கடிதத்தின் பிரதியைக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இது கடைக்குப் போய் நல்ல சாமான் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுங்கோ எண்டு கேட்கிற மாதிரி இருக்கு. பொருளின்ர இலக்கம் என்ன? அதைப் பார்த்து என்ன செய்யப் போறீங்கள்? இது ரெண்டும் இல்லாத கடிதத்துக்கு யார் பதில் எழுதுவினம்?"

அவர் சொன்னது சரி. களஞ்சியப் பொறுப்பாளரின் நிலையில் நின்று பார்த்தால் அது விளங்கும். பொருட்கள் சமூக வாரியாக அடுக்கப்படுவதில்லை. உலோகம் ஓரிடம், மரம் ஓரிடம், துணி ஓரிடம், ஓலை ஓரிடம் என்றே வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய ஈரப்பதமும் வெளிச்சமும் வேறு வேறு. ஒரு பொருளை எடுப்பதென்றால் ஓர் உத்தியோகத்தர் பதிவேட்டில் ஒப்பமிட்டு, இடத்தைத் தேடி, இறக்கி, மேசைக்குக் கொண்டுவந்து, பார்க்கிறவரின் பக்கத்தில் முழு நேரமும் இருந்து, திரும்பவும் அதே இடத்தில் வைக்க வேண்டும். ஒருவரது அரை நாள் வேலை அது. ஆகவே, இலக்கம் தெரிந்து கேட்பவனுக்கே முதலில் கதவு திறக்கும்.

இலக்கத்தை எங்கே தேடுவது? முதலில் அச்சில் உள்ளவற்றில் தேட வேண்டும். கொழும்பு நூதனசாலையின் ஆய்வேடான 'ஸ்போலியா செலானிக்கா' 1903 முதல் வெளிவந்தது. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. எச். டி. எச். டி சில்வா, வெளிநாட்டு நூதனசாலைகளிலுள்ள இலங்கைப் பொருட்களுக்கு ஒரு பட்டியல் நூலைத் தயாரித்து 1975இல் வெளியிட்டார். வெளிநாட்டுக் களஞ்சியங்களைத் தேடுபவர் தொடங்க வேண்டிய இடம் அதுவே. பெரிய நூதனசாலைகள் பலவும் இப்போது தமது பட்டியல்களை இணையத்தில் வைத்துள்ளன. வீட்டிலிருந்தே தேடலாம்.

ஆனால், தேடும் சொல் முக்கியம். 'முஸ்லிம்' என்று தேடினால் அதிகம் கிடைக்காது. பழைய பதிவேடுகளை எழுதியவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. 'மூர்', 'மூர்மன்', 'மொஹமடன்' என்றே எழுதினார்கள். சில வேளைகளில் 'மலபார்' என்ற சொல்லுக்குள் தமிழ் பேசிய அனைவரையும் அடக்கினார்கள். பல வேளைகளில் சமூகத்தின் பெயரையே எழுதவில்லை. 'மட்டக்களப்பு, பாய்' என்று ஊரும் பொருளும் மட்டும் இருக்கும். ஆகவே, ஊர்ப் பெயரால் தேட வேண்டும். சேகரித்தவரின் பெயராலும் தேட வேண்டும். உதாரணமாக, இலங்கைச் சிவில் சேவையில் கிழக்கிலும் கடமையாற்றிய ஹியூ நெவில் (1847 - 1897) பெருஞ் சேகரிப்பாளர். அவர் சேர்த்த 2,227 கையெழுத்துப் பிரதிகள் இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. ஒரு சேகரிப்பாளர் எந்த ஆண்டில் எந்த ஊரில் கடமையாற்றினார் என்று தெரிந்தால், அவரது பொருட்கள் எங்கிருந்து வந்தன என்று ஊகிக்க வழி பிறக்கும்.

இலக்கம் கிடைத்த பின் எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. நான் யார், எந்த நிறுவனத்தோடு சேர்ந்தவன், எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறேன், எந்தெந்த இலக்கப் பொருட்களைப் பார்க்க வேண்டும், அளக்க வேண்டுமா, படமெடுக்க வேண்டுமா, வரக்கூடிய திகதிகள் எவை - இவ்வளவே. நிறுவனம் இல்லாத எழுத்தாளராயின் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவரின் சிபாரிசுக் கடிதத்தை இணைப்பது நல்லது. முதற்தடவை நான்கைந்து பொருட்களுக்கு மேல் கேட்கக் கூடாது. பார்ப்பதற்கான அனுமதி வேறு, எடுத்த படத்தை நூலில் அச்சிடுவதற்கான அனுமதி வேறு என்பதையும் ஆரம்பத்திலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். பின்னர் பொறுமை வேண்டும். இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம்.

சில இடங்களில் கதவு மிக இலகுவாகத் திறக்கத் தொடங்கியுள்ளது. லண்டனில் விக்டோரியா அல்பர்ட் நூதனசாலை 2025 மே மாத இறுதியில் தனது களஞ்சியத்தையே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இரண்டரை இலட்சம் பொருட்கள் அங்குள்ளன. இரண்டு வாரம் முன்கூட்டிப் பதிவு செய்தால் ஐந்து பொருட்கள் வரை தெரிவு செய்து மேசையில் வைத்துப் பார்க்கலாம். பட்டம் தேவையில்லை, சிபாரிசும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. நமது பிள்ளைகள் பலர் படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் அந்த நகரில் இருக்கிறார்கள். ஒரு விடுமுறை நாளில் அவர்களில் ஒருவர் போய் ஒரு பொருளை ஒழுங்காகப் பார்த்து நான்கு பக்கம் எழுதி அனுப்பினாலே நமது சஞ்சிகைகளுக்கு அது பெருஞ் செல்வம்.

இனி, நான் முதன்முதலில் களஞ்சியத்துக்குள் போன நாளைப் பற்றி. எந்த இடம் என்பது இங்கு முக்கியமில்லை. இம்முறை என் கடிதத்தில் இலக்கங்கள் இருந்தன, கேள்வியும் இருந்தது. பித்தளைப் பாத்திரங்களில் உரிமையாளரின் பெயர் வெட்டும் வழக்கம் பற்றிய கேள்வி அது. பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். பேனாவை வாங்கிக் கொண்டு பென்சில் தந்தார்கள். மை ஒரு துளி விழுந்தால் போகாது. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றினேன். உலோகத்தைத் தொடுவதற்குக் கையுறை. வியர்வையின் உப்பு பித்தளையை அரிக்கும். ஓலைச் சுவடி என்றால் கையுறை ஆகாது, கழுவி உலர்த்திய வெறுங்கையே நல்லது என்று சொன்னார்கள். உறை போட்ட விரலுக்கு ஓலையின் நொய்மை தெரியாது. பொருளை ஒரு கையால் தூக்கக் கூடாது; விளிம்பிலோ பிடியிலோ பிடிக்கக் கூடாது. பொறிப்பை வாசிப்பதற்காகச் சுண்ணக்கட்டி தடவும் பழைய பழக்கம் அறவே கூடாது. சிறு மின்சூளைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும். நேர் வெளிச்சத்தில் மறைந்து கிடக்கும் கீறல் சாய்வெளிச்சத்தில் நிழலாக எழும்.

மூன்றாவதாக வந்தது ஒரு வெற்றிலைத் தட்டம். பதிவேட்டில் 'பித்தளைத் தட்டம், கண்டிய வேலைப்பாடு' என்று மட்டும் இருந்தது. முகப்பில் பூவேலை. அதை உத்தியோகத்தர் மெதுவாகக் கவிழ்த்து மெத்தையில் வைத்தார். நான் வெளிச்சத்தைச் சாய்த்தேன். அடிப்பகுதியில், புள்ளி புள்ளியாக உளியால் குத்தி எழுதிய தமிழெழுத்துகள் தெரிந்தன. ஒரு பெண்ணின் பெயர். 'உம்மா' என்று முடிகிற பெயர்.

எனக்குச் சிறிது நேரம் எழுத வரவில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தவர்கள். உடுத்த உடையோடும் ஒரு பையோடும் வந்தோம். உம்மும்மாவின் சீதனப் பாத்திரங்கள் குசினிப் பரணில் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் அவருடைய பெயர் இப்படித்தான் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் போய்ப் பார்த்தபோது பரணும் இல்லை, கூரையும் இல்லை.

ஆனால், வரலாறு எழுதுபவன் அந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பெயர் எதைச் சொல்கிறது? ஒரு காலத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணின் கையில் அந்தத் தட்டம் இருந்தது என்பதைச் சொல்கிறது. அதைச் செய்தவர் முஸ்லிம் என்று சொல்லவில்லை. அவருக்கு முன் வேறொருவரிடம் இருந்திருக்கலாம். கண்டிய வேலைப்பாடு என்ற பதிவும் பிழையாகாது. கண்டியிலும் நம்மவர் வாழ்ந்தார்கள், சிங்களக் கம்மாளரிடம் பாத்திரம் வாங்கினார்கள். ஒரு பொருள் இரண்டு சமூகங்களின் கையையும் தாங்கி நிற்க முடியும். பதிவேடு அதில் ஒரு கையை மட்டும் எழுதியது. நாம் போய் மற்றக் கையை மட்டும் எழுதினால் அதே பிழையை மறுபக்கத்திலிருந்து செய்தவர்களாவோம். 'அடியில் தமிழில் பெண் பெயர் உண்டு' என்ற ஒரு வரியை அளவுகளுடனும் படியெடுப்புடனும் எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். அன்றைய எனது சம்பாத்தியம் அந்த ஒரு வரிதான்.

எனது ஊருக்கு எதிர்க்கரையில் உள்ள மாந்தையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாதோட்டம் என்று பழைய நூல்கள் சொல்லும் துறைமுகம் அது. 1980 தொடக்கம் ஜோன் கார்ஸ்வெல் அங்கு அகழ்வு நடத்தினார். மேற்காசியாவின் பளபளப்புப் பூச்சு மட்பாண்டங்களும், கண்ணாடித் துண்டுகளும், சீனக் கலங்களும் கிடைத்தன. 1984இல் யுத்தம் அகழ்வை நிறுத்திவிட்டது. முழு அறிக்கை நூலாக வெளிவந்தது 2013இல். இருபத்தொன்பது ஆண்டுகள்! அந்த இடைவெளியில் நாம் மாந்தையைப் பற்றி எழுதியதெல்லாம் பொருளைக் காணாமல் எழுதியதே. 2009 - 2010 காலப்பகுதியில் அங்கு மீண்டும் அகழ்வு நடந்தது. அப்போது எடுத்த மண்ணைச் சலித்து ஆராய்ந்தவர்கள் 2018இல் தமது முடிவுகளை வெளியிட்டார்கள். கருகிய நெல்மணிகளோடு மிளகும், கி.பி. 900 - 1100 காலத்துக்குரிய ஒரேயொரு கராம்பும் அதில் இருந்தன. கராம்பு அக்காலத்தில் விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில். ஒரு கராம்பு ஏழாயிரம் கிலோமீற்றர் கடல்வழியைச் சொல்லிவிடுகிறது. 'நாங்கள் எப்போது வந்தோம்' என்று அதனிடம் கேட்டால் அது பேசாது. 'இந்தத் துறையில் யார் யார் சந்தித்தார்கள், எதை விற்றார்கள், எதைச் சமைத்தார்கள்' என்று கேட்டால் பேசும். அந்தக் கேள்விகளின் விடையில் நாமும் இருப்போம். தனியாக இருக்க மாட்டோம்.

களஞ்சியத்தைப் பார்க்கப் போவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பார்க்கப்படாத பொருள் பாதுகாப்பானது என்று நாம் நினைக்கிறோம். நடந்தது வேறு. 2023 ஓகஸ்டில் பிரித்தானிய நூதனசாலை தனது களஞ்சியத்திலிருந்து ஏராளமான சிறு பொருட்கள் களவு போயுள்ளன என்று அறிவித்தது. காணாமற் போனவையும் சேதமடைந்தவையுமாகச் சுமார் இரண்டாயிரம் என்று கணக்கிட்டார்கள். அவற்றில் பெருந்தொகையானவை ஒழுங்காகப் பதியப்படாதவை. பணிப்பாளர் பதவி விலகினார். பின்னர் அறுநூறுக்கு மேற்பட்டவை மீட்கப்பட்டன. களவை முதலில் கண்டு எச்சரித்தவர் உள்ளே இருந்தவரல்லர். அந்தப் பொருட்களைப் பற்றி ஆழ்ந்த அறிவுள்ள வெளி வியாபாரி ஒருவர். நமது நாட்டிலும் 2012 மார்ச்சில் கொழும்பு நூதனசாலையில் களவு நடந்தது. பதிவில் இல்லாதது போனால் போனது தெரியாது. ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்து, அளந்து, படமெடுத்து எழுதிவிட்டுப் போன பொருளுக்கு இரண்டாவது காவல் ஒன்று கிடைத்துவிடுகிறது.

மீட்புக்கும் அதுவே அடிப்படை. 2023இல் நெதர்லாந்து இலங்கைக்கு ஆறு பொருட்களைத் திருப்பித் தந்தது. 1765இல் கண்டி அரண்மனையில் கொள்ளையிடப்பட்ட, லெவ்கே பீரங்கி எனப்படும் அழகிய பீரங்கி அவற்றுள் ஒன்று. அரசியல்வாதிகளின் கோரிக்கை மட்டும் அதைக் கொண்டு வரவில்லை. அதற்கு முன் இரு நாட்டு ஆய்வாளர்களும் களஞ்சியங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் உட்கார்ந்து, எந்தப் பொருள் யாருடைய கையால் எவ்வழியாகப் போனது என்று ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். அந்த எழுத்தே சாட்சியாயிற்று.

இறுதியாக, நமது சொந்தக் களஞ்சியங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கும்போது பழைய மீசான் கட்டைகளையும், செதுக்கிய மரத்தூண்களையும், மிம்பர்ப் பலகைகளையும் எங்கே போடுகிறோம்? அறபுத் தமிழ்க் கிதாபுகள் கிழிந்தால் கண்ணியமாகப் புதைத்துவிடுகிறோம். அதற்கு முன் ஒரு படமாவது எடுத்து வைத்தோமா? இலங்கை மலாயர் வீடுகளில் பெட்டிகளுக்குள் இருந்த கையெழுத்துப் பிரதிகளை றொனிட் ரிச்சி என்ற ஆய்வாளர் வீடு வீடாகச் சென்று டிஜிட்டல் படங்களாக்கினார். பிரதி வீட்டிலேயே இருந்தது. படம் உலகத்துக்குக் கிடைத்தது. அந்த வழி நமக்கும் திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஒரு பதிவேடு, ஒவ்வொரு பழைய பொருளுக்கும் ஓர் இலக்கம், எங்கிருந்து யாரிடமிருந்து வந்தது என்ற ஒரு வரி - இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

அந்தத் தட்டத்தின் சொந்தக்காரி தன் பெயரை அடியில் வெட்டச் சொன்னது ஆய்வாளர்களுக்காக அல்ல. கலியாண வீட்டுக்கு இரவல் கொடுத்தால் பாத்திரம் மாறிப் போகாமல் திரும்பி வர வேண்டும் என்பதற்காக. பெயர் இருந்தும் அது திரும்பி வரவில்லை. கவிழ்த்துப் பார்க்க ஆள் இல்லாமல் எத்தனையோ ஆண்டுகள் முகம் மேலே காட்டிக் கிடந்தது. இன்னும் எத்தனை தட்டங்கள் அப்படிக் கிடக்கின்றனவோ. வாப்பிச்சி மரைக்கார் வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்கினார். மற்ற ஆறு நாட்களும் கதவு திறந்திருந்தது. போய்த் தட்டுவது இனி நமது பொறுப்பு.